சீனி போடாத தேத்தண்ணி

போன வருஷ மழைக்காலம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன அம்மாவின் காலில் அட்டை கடித்தது. மலையில் அட்டை கடிக்காத கால் உண்டா? ஆனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். கடித்த இடம் புண்ணாகி, ஆறவே இல்லை. சீனி இறங்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரையை அம்மா ஒருவேளையும் விடுவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அம்மா ஒருத்திதான் நோயாளி, மற்ற எல்லாரும் டாக்டர். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சோற்றையும் விட்டாயிற்று. மூன்று வேளையும் ரொட்டிதான்.

"களவா கேக்கு கீக்கு திங்கிறியாம்மா?" என்று சீண்டினேன்.

"ஒன் மூஞ்சி! கேக்க கண்ணால கண்டே வருசமாச்சு."

டாக்டர் எங்களைச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மிஸ்ஸிடம் அனுப்பினார்.

"ரொட்டி எவ்வளவு பெருசும்மா? கையால காட்டுங்க" என்றார் மிஸ்.

அம்மா இரண்டு கையையும் விரித்தாள். மிஸ்ஸின் கண்ணும் விரிந்தது.

"தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி?"

"போடுறதே இல்லீங்க மிஸ்."

"ஆமா மிஸ், நான் சாட்சி" என்றேன்.

"சரி, எப்படிக் குடிப்பீங்கன்னு செஞ்சு காட்டுங்களேன்."

அம்மா வலது கையில் இல்லாத கோப்பையைப் பிடித்தாள். இடது உள்ளங்கையைக் குவித்து ஒரு நக்கு, பிறகு ஒரு மிடறு.

"அந்தக் கையில என்னாம்மா?"

"சீனிதான்."

"போடுறதில்லைன்னீங்க?"

"தேத்தண்ணில போடலையே மிஸ்! கையில வச்சுத் தொட்டுக்கிறதுதானே."

லயத்தில் எல்லாரும் அப்படித்தான் குடிக்கிறோம். அம்மா பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு தப்பு எங்கே?

மிஸ் ஏசவில்லை. அரிசியும் மாவும் உடம்புக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுமாம். கைச் சீனியை விடச் சொன்னார். ரொட்டி சின்னதாக ஒன்று, கூடவே பருப்பும் கீரையும் நிறைய. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது. மதியம் அளவாகச் சோறும் சாப்பிடலாம்.

"சோறு திங்கலாமா?" அம்மா என்னைப் பார்த்தாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். குழப்பம் இன்னும் கூடியது.

வெளியே வந்ததும், "லயத்துல என்னான்னுடா சொல்றது?" என்றாள்.

"அவங்க வைத்தியத்துக்கு ஒரு கும்புடு போட்டுரு."

அடுத்த தடவை ரத்தம் சோதித்தபோது சீனி இறங்கியிருந்தது. மருந்து கட்டக் கட்ட, மெல்லப் புண்ணும் காய்ந்தது. இன்று அம்மா மலை ஏறி நின்று அங்கிருந்தே என்னைத் திட்டும்போதெல்லாம், நாள்தோறும் பக்கத்திலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தும் என் கண்ணில் படாததை, ஒரே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லியே அந்த மிஸ் எப்படிப் பிடித்தார் என்று யோசித்துக்கொண்டேயிருக்கிறேன்.