ஜன்னல் கம்பியில் இருந்த மஞ்சள்

என் மகளின் அறை ஜன்னலில் ஒன்பது கம்பிகள். அவற்றை நான் எவ்வளவு அக்கறையாகச் சுத்தம் செய்தேன் என்பது என் விரல்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உப்புத்தாளை மடித்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்தால் ஒரு கரகரப்பான சத்தம் வரும். அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடித்திருந்தது. அவள் வரப்போகிறாள் என்று அது சொல்வதுபோல இருந்தது.

அவள் கோயம்புத்தூரில் இருந்தாள். திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு கல்லூரியில் வேலை. குழந்தை உண்டாகியிருக்கிறது என்று போனில் சொன்ன அன்றே, "ஏழாவது மாசம் வந்துடுவேன்பா. என் ரூம்ல, என் ஜன்னல் பக்கத்துலதான் குழந்தையைப் போட்டுப்பேன்" என்றாள். ஏழாம் மாதம் ஜெபம் வைத்து, கை நிறைய வளையல் போட்டு, முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் குடும்பத்திலும் வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்பதற்காக நான் காத்திருக்கவில்லை. அவள் போன பிறகு அந்த அறையில் இஸ்திரித் துணியை அடுக்கி வைத்திருந்தோம். துணியை எடுக்க உள்ளே போகும்போதெல்லாம் எதற்கு வந்தேன் என்று மறந்துபோய் நின்றிருக்கிறேன். மூன்று மாதமாவது அவள் மறுபடியும் அங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆராய்ச்சி செய்தது வீட்டுத் தூசியை. பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கும். பெயின்ட் உரிந்து பொடியானால் அந்த ஈயம் தரையில் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்கு அது கேடு, போனது திரும்பாது. அவள் ஆராய்ச்சி முழுவதையும் எனக்குப் புரிந்த அளவில் இப்படித்தான் சொல்ல முடியும். என் மனைவி அதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்.

"எம்.எஸ்சி. படிச்சிட்டு ஊரு வீட்டுத் தரையெல்லாம் துடைக்கிறா. நம்ம வீட்டுத் தரையை ஒருநாள் துடைச்சிருப்பாளா?"

"அம்மா, அந்தத் தரையைத் துடைச்சா டாக்டர் பட்டம் குடுப்பாங்க. உன் தரைக்கு என்ன குடுப்ப?"

"சோறு போடுறேன்ல?"

சனிக்கிழமைகளில் நான்தான் அவளுக்கு வண்டி ஓட்டினேன். கீழ்க்கட்டளை, இரும்புலியூர், எங்கள் செம்பாக்கம் என்று வீடு வீடாகப் போனோம். அளவெடுத்து வெட்டிய ஓர் அட்டைச் சட்டத்தைத் தரையில் வைப்பாள். கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்தாளால் சட்டத்துக்குள் இடமிருந்து வலமாக, பிறகு மேலிருந்து கீழாகத் துடைப்பாள். தாளை மடித்துக் குழாய்க்குள் போட்டு மூடுவாள். சட்டம் நகராமல் பிடித்துக்கொள்வதும், குழாயில் எண் எழுதி ஒட்டுவதும் என் வேலை. ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலையிலதான் பெருக்கி மெழுகினேன். தூசி எங்கேர்ந்து வரும்? அண்ணா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் சட்டத்தைப் பிடித்தபடி, சுத்தமான தரைதான் என்று சான்று சொன்னேன்.

ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் அவள் ஒரே வார்த்தைகளைச் சொல்வாள். "பழைய பெயின்ட் உரியாம இருந்தா பயமில்ல. காஞ்சபடி மட்டும் சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க." இதை எத்தனை வாசலில் நின்று கேட்டிருப்பேன் என்று தெரியாது. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்த ஒருநாள் நானே அவளுக்குப் பதிலாகச் சொன்னேன்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் கம்பியைத் தேய்த்தேன் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். அவள் முதன்முதலில் துடைத்துப் பழகியது எங்கள் வீட்டில். அதன் முடிவு வந்தபோது, "நம்ம வீடு நல்ல பிள்ளைப்பா, ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் சர்டிபிகேட் மாதிரி வைத்துக்கொண்டேன். எச்சரிக்கையெல்லாம் மற்ற வீடுகளுக்கு என்று மனது தானாகப் பிரித்துக்கொண்டது. நாங்கள் அந்த வீட்டைக் கட்டவில்லை, வாங்கினோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கம்பியில் என்ன பூசினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

பெயின்டரைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

"மேலயே ரெண்டு கோட்டு வுட்டா போதும் சார். நல்லாத்தான் கீது."

"சுரண்டாம அடிச்சா மேடு பள்ளமா தெரியும்."

"யாரு சார் ஜன்னல் கம்பியத் தடவிப் பாக்கப் போறாங்க?"

"என் பொண்ணு பிரசவத்துக்கு வரா. வேலை முழுசா இருக்கணும்."

"பொண்ணுன்னு சொல்லிட்ட. இனிமே நீ எங்க வுடப் போற?" என்று துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார்.

வேலையில் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதனால் பக்கத்திலேயே நின்றேன். அவர் தகட்டால் சுரண்டிய இடங்களில் விட்டுப்போன மூலைகளை நானே உப்புத்தாளால் தேய்த்தேன். மேலே இருந்த சாம்பல் நிறம் போனது. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே நல்ல மஞ்சள், சாமந்திப் பூ நிறத்தில். "பார்த்தியா, எவ்வளவு அழகான கலர் அடிச்சிருக்காங்க" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மஞ்சளும் போய், அடியில் ஆரஞ்சு நிற பிரைமரும் போய், இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன். இரண்டு சனிக்கிழமை ஆனது. அறை முழுக்க மெல்லிய பொடி. துடைப்பத்தால் கூட்டி வாரி, கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டினேன். ஃபேனைப் போட்டு மிச்சத் தூசியை வெளியே விரட்டினேன். பிறகு இளநீல எனாமல் அடித்தோம். அவளுக்குப் பிடித்த நிறம் அதுதான்.

அவள் ஏழாம் மாதம் கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தபோது வீடியோ காலில் அறையைக் காட்டினேன். கட்டிலைக் காட்டினேன், புதுக் கொசுவலையைக் காட்டினேன். ஜன்னலுக்குப் போனைத் திருப்பியபோது அவள் திரைக்கு நெருங்கி வந்தாள்.

"அப்பா, பெயின்ட் அடிச்சீங்களா?"

"எப்படி இருக்கு?"

"பழசை என்ன பண்ணீங்க?"

"இரும்பு தெரியற வரைக்கும் எடுத்தாச்சு" என்றேன். சொல்லும்போதே என் குரலில் பெருமை இருந்தது. அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"தண்ணி போட்டா, காஞ்சபடியா?"

'காஞ்சபடி' என்ற அந்த வார்த்தையை நான் பல வாசல்களில் கேட்டவன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி பின்னாலிருந்து, "காஞ்சபடிதான். வீடெல்லாம் பறந்துச்சு" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மகள் கத்தவில்லை. வீடு வீடாகப் போனபோது இருந்த அந்தக் குரலில், என்ன நிறங்கள் வந்தன, பொடியை எங்கே கொட்டினேன், எந்தத் துடைப்பத்தால் கூட்டினேன் என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில் மட்டும் குரல் மாறியது. "உங்ககிட்ட சொல்லணும்னே எனக்குத் தோணலப்பா. நீங்க என்கூட வந்தவராச்சே."

அவள் விட்டுப்போன பெட்டியில் அட்டைச் சட்டமும் சில குழாய்களும் இருந்தன. இந்த முறை சட்டத்தைப் பிடிக்க ஆள் இல்லை. நானே பிடித்து நானே துடைத்தேன். ஜன்னல் மேடையில் ஒன்று, அவள் அறைத் தரையில் ஒன்று, ஹாலில் ஒன்று. கதவிடுக்கில் கிடந்த மஞ்சள் துணுக்கு ஒன்றையும் கவரில் போட்டேன். அவள் படித்த இடத்தின் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு அவளுக்குத்தான் போனது. போனில் ஈய அளவைச் சொன்னாள். முன்பு நான் எண் எழுதி ஒட்டிய எந்த வீட்டுக்கும் அவ்வளவு வந்ததில்லை என்பதையும் சொன்னாள். மஞ்சளும் ஆரஞ்சும்தான் காரணம்.

"ஏழாவது மாசம்...?" என்று இழுத்தேன்.

"முடியாதுப்பா."

அவளுடைய பிரசவம் கோயம்புத்தூரிலேயே நடந்தது. மனைவி முன்கூட்டியே அங்கே போனாள். அதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. எனக்கு ஈயம் கூடுதலாக இருந்தது. மருந்து வேண்டாம், இனி உடம்புக்குள் போகாமல் இருந்தால் மெல்ல இறங்கும் என்றார் டாக்டர். பெயின்டருக்கும் போன் செய்து, பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "இன்னா சார், இருவது வருசமா இதைத்தான் மோந்துகினு கீறேன். ஒரு ஜன்னலுக்கா பேஜாராவுற?" பிறகு, "அன்னிக்கே சொன்னேன், மேலயே அடிக்கலாம்னு" என்றார். ஆமாம் என்றேன். மூன்று முறை கூப்பிட்ட பிறகு வந்தார். அவருடைய எண் என்னுடையதைவிட மோசம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்தோம்.

மனைவி இல்லாத மாதங்களில் வீட்டைத் துடைத்தேன். துடைப்பம் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். பெருக்கினால் பொடி எழும்பும். இரண்டு பக்கெட் வைத்து, ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலச நல்ல தண்ணீர். சுவர், கதவு, ஃபேன் இறக்கை, கட்டில் கால், பிறகு தரை. துணியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. கறிவேப்பிலைச் செடியை வேரோடு எடுத்து, மேல் மண்ணைச் சாக்கில் கட்டினேன். ஊரிலிருந்து திரும்பிய மனைவி, பல நாள் காலையில் துடைப்பத்தைக் கையில் எடுத்து மீண்டும் மூலையில் வைப்பாள். "பெருக்காத வீட்ல விடிஞ்ச மாதிரியே இல்ல" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாதம் ஒரு சனிக்கிழமை நான் சட்டத்தை எடுத்து வைத்துத் துடைக்கிறேன். துடைத்த தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை. கண்ணுக்குத் தெரியாததைத் தேடத்தான் அந்தத் தாள். ஹாலில் ஈய அளவு இறங்கி வந்துவிட்டது. அவள் அறையில் இன்னும் இறங்கவில்லை. பொடி தரையின் விரிசல்களில் போய் உட்கார்ந்திருக்கும், தரையையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறாள்.

இதற்குள் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். வீடியோவில் பார்க்கிறேன். கோயம்புத்தூர்த் தரையில் கையால் தட்டித் தட்டி முன்னேறுகிறான். போனை நோக்கி வருவான். முகம் பெரிதாகி, நெற்றி மட்டும் தெரிந்து, பிறகு இருட்டாகிவிடும். இரண்டு உள்ளங்கைகளையும் அடிக்கடி வாயில் வைக்கிறான். அவன் வாயில் வைக்கும்போதெல்லாம் "கையைத் துடைச்சு விடும்மா" என்கிறேன், அது சுத்தமான தரை என்று தெரிந்தும்.

சென்ற மாதம் மருமகனின் உறவில் ஒரு கல்யாணம். அவள் குழந்தையோடு வந்தாள். தங்கியது கீழ்க்கட்டளையில், அவர்கள் உறவினரின் புது ஃப்ளாட்டில். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக, இரண்டு மணி நேரம். வாசலிலேயே சொன்னாள்: "ஹால்ல மட்டும்தாம்பா. அவனைக் கீழ விட வேண்டாம். எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனாலும் வேண்டாம்."

"கீழ விட மாட்டேன். எங்கிட்ட குடு" என்றேன்.

அவள் அறைக் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத் துண்டைச் சொருகி வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். மனைவி பரிமாற அவள் சாப்பிட்டாள். மீன் குழம்பில் கறிவேப்பிலை குறைவு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் பேரனைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நடந்தேன். தவழப் பழகிய குழந்தையைக் கையில் வைத்திருப்பது சுலபமில்லை. இடுப்பை வளைத்து, காலால் என் வயிற்றை உதைத்துத் தரையை நோக்கி இறங்கினான். அவனுடைய பலத்தில் பாதிகூட என்னிடம் இல்லை. பளபளவென்று துடைத்த தரை. அவனை அதில் விட்டால் நேராகக் கதவுக்குப் போவான், துண்டைப் பிடித்து இழுப்பான். அவன் அந்தத் தரையில் தட்டித் தட்டிப் போவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. "தாத்தாவைப் போட்டு உதைக்கிறான் பாரு" என்று மனைவி சிரித்தாள். "உதைக்கட்டும், நான் உதை வாங்க வேண்டியவன்தான்" என்றேன்.

அழுது ஓய்ந்து என் தோளில் தூங்கிவிட்டான். எச்சில் சட்டையில் ஊறியது. கை கழுவிவிட்டு வந்த மகள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாழ்ந்த குரலில், பழக்கத்தில், "தூங்கிட்டான்பா, என் கட்டில்ல படுக்க வைங்க" என்றாள்.

சொன்ன பிறகு மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்தோம்.

"கார் வர வரைக்கும் தோள்லயே இருக்கட்டும்மா" என்றேன். அவள் தலையசைத்து, வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. அந்தச் சத்தத்தில் அவன் விழித்துவிடாமல் காதை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். கார் வர இருபது நிமிடம் ஆனது. நான் உட்காரவில்லை.