ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட சுகுமாரன்

சுகுமாரன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தையல் அறையில் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அமரவிளையிலிருந்து அவருடைய மகள் பிரியா பேசினாள். மலையாளத்தில் தொடங்கியவள் பாதியில் தமிழுக்கு மாறி, "டீச்சர், அப்பா காலையில காப்பி கேட்டாரு. நான் கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாரு" என்றாள். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த லீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினாள். இரண்டு பேரும் அறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினோம்.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவரைக் கல்லூரி லேபில் குப்பிகள் கழுவி, தராசு துடைத்து வைத்த அட்டெண்டராகத் தெரியும். எனக்கு அவர் ஆறு வருடம் எங்கள் தையல் அறையில் கூட இருந்தவர். அந்த ஆறு வருடத்தில் ஒரு தையல்கூடப் போட்டதில்லை.

பாறசாலைக்கு இந்தப் பக்கம், எங்கள் சபையின் பழைய ஞாயிறு பள்ளிக் கட்டடத்தில்தான் அந்த அறை இருக்கிறது. துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, போர்வை தைப்போம். பஞ்சு விரிப்பு கடையிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டி வரும். அவர் முதன்முதலாக வந்த அன்று ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. குடையை மடக்கி வாசலில் சாய்த்தவர், யார் என்றும் சொல்லாமல், "இந்த மணம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒரு மணம் இருப்பதே தெரியாது. அலமாரியைத் திறக்கலாமா என்று கேட்டுத் திறந்தார். பஞ்சுச் சுருளுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இது நனஞ்சிருக்கு" என்றார். கூரை ஒழுகவே இல்லை என்று நான் சொன்னேன். ஒழுக வேண்டாம், காற்றிலிருந்தே குடிக்கும் என்றார். நான் நம்பவில்லை.

மறுநாள் மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றோடு வந்தார். சுருளைக் கயிற்றில் கட்டித் தூக்கி எடை பார்த்தார். வெயில் அடித்த ஒரு நாள் அதையே முற்றத்தில் காயவைத்து மறுபடி நிறுத்தார். முள் இறங்கியது. மழை பிடித்ததும் திரும்ப ஏறியது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். ஒரு பஞ்சுச் சுருள் மழைக்காலத்தில் கனம் கூடும் என்பதை அறுபது வயதில்தான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரைப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் போகவில்லை.

ஒரு சுருளை பாலித்தீன் உறையிலும் இன்னொன்றைப் பழைய வேட்டியிலும் பொதிந்து வைத்து, ஒரு மாதம் கழித்துப் பிரித்துக் காட்டினார். பாலித்தீனில் இருந்ததில் புளித்த வாடை. வேட்டிக்குள் இருந்தது சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து பருத்திப் பஞ்சுக்குப் பருத்தித் துணிதான் உறை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் ஏற்றி வைத்தார். பாலியஸ்டர் பஞ்சு ஈரம் குடிக்காது, ஆனால் மடித்தால் மடிப்பு போகாது. அதற்காக பிளம்பரிடம் மிச்சமிருந்த பிவிசி குழாய்களை வாங்கி வந்து, அவற்றில் சுற்றி வைத்தார்.

அடுத்து மிச்சத் துண்டுகளின் மேல் கண் வைத்தார். நாங்கள் எல்லாவற்றையும் சாக்கில் திணித்து வைத்திருந்தோம். ஒரு துண்டு வேண்டுமென்றால் சாக்கையே தரையில் கொட்டுவோம். அளவுப்படி பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நிறப்படி என்பது லீலாவின் கட்சி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாங்கள் துண்டு தேடும்போதெல்லாம் கை முதலில் எதை நாடுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டே இருந்தார். யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊசியில் நூல் கோர்ப்பதுகூடக் கஷ்டம். வார முடிவில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் "லீலா சொன்னது சரி" என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். பிறகு வெங்காயம் வரும் வலைப்பைகளைச் சேகரித்து வந்து, நிறம் நிறமாகத் துண்டுகளைப் போட்டு ஆணியில் தொங்கவிட்டார். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது, காற்றும் போயிற்று.

இனி சொல்லப்போவதை நான் அவர் இருக்கும்போதே உங்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போர்வைகள் தைத்துத் தர ஒத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு. பருத்திப் பஞ்சு பிறகு சுருங்காமல் இருக்க முதலில் நனைத்து உலர்த்துவோம். அதை முடித்த கையோடு நான் காரோடு ஊரில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து வந்து அலமாரியைத் திறந்தால், பஞ்சு முழுவதும் பாலித்தீனுக்குள் கறுப்புப் புள்ளியாகப் பூத்துக் கிடந்தது. பாலித்தீனைக் கண்டதும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. இன்னொரு பரிசோதனை நடத்திவிட்டார் என்று நினைத்தேன். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, "இது உங்க காலேஜ் லேப் இல்ல அண்ணா. அங்க கிடக்கியதெல்லாம் வயசான மனுசங்களாக்கும்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பஞ்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நாலாம் நாள், அவர் எடை குறிக்கும் நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். நான் கல்யாணத்துக்குப் போன மறுநாள் தேதியில், "டீச்சர் பொதிஞ்சு வச்சது. கனம் கூடுதல். வந்ததும் கேக்கணும்" என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், மேலே தொட்டால் உலர்ந்திருக்கிறது என்று, கையில் கிடைத்த பாலித்தீனில் சுற்றி வைத்தவள் நான்தான்.

அன்றே அமரவிளைக்குப் போனேன். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் தடுத்தார். "எடை நிறுத்தப்பமே எனக்குத் தெரியும் டீச்சர், ஈரம் உண்டுன்னு. அவிழ்த்துக் காயப்போட்டிருக்கலாம். என்ன ஆகும்னு பாக்க எனக்கு ஆசை. அதனாலயாக்கும் நீங்க பேசினப்பம் பதில் வரல்ல" என்றார். அவரும் வெட்கப்பட்டு வீட்டிலிருந்தார், நானும் வெட்கப்பட்டு அங்கே போயிருக்கிறேன். சிரிக்கவும் முடியவில்லை.

பிறகு உள் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியைத் திறந்தார். அவர் மனைவி சரோஜினியின் சேலைகள். மனைவி இறந்தபின், ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பாலித்தீனில் பொதிந்து, காற்றுப் புகாமல் ஒட்டி வைத்திருக்கிறார். வருடம் திரும்பித் திறந்தபோது எல்லாம் பூத்துப்போயிருந்தன. "பத்திரமா வச்சதாக்கும் நான். பின்ன எப்படி கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். எங்கள் வாசலைக் கடக்கும்போது அதே மணம் வந்ததால்தான் அன்று உள்ளே ஏறினாராம். இரண்டு வருடமாக எங்கள் அறையில் பஞ்சை நிறுத்துக்கொண்டிருந்த மனிதர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சேலையை விரித்துப் பார்த்தோம். வெளி மடிப்புகள் போய்விட்டிருந்தன. உள் மடிப்புகளில் நிறம் அப்படியே இருந்தது. அவரே கத்திரிக்கோல் எடுத்து வந்து என்னிடம் தந்தார். நல்ல பாகங்களை வெட்டினேன். வெந்நீரில் அலசி முற்றத்தில் காயப்போட்டார். மறுவாரம் எங்கள் அறைக்கு வந்து, அந்தத் துண்டுகளை நிறப்படி வலைப்பைகளில் மற்றத் துண்டுகளோடு கலந்து போட்டார். லீலாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். "தெரிஞ்சா அவ எடுக்கமாட்டா. இங்க இருக்கிய துணி எடுக்கதுக்குத்தானே." முதியோர் இல்லத்துப் போர்வைகள் பாலியஸ்டர் பஞ்சில், ஓணத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றில் அந்தச் சேலைத் துண்டுகளும் இருந்தன. நான் வாக்குக் கொடுத்தபடி யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும் பஸ்ஸில், இனி சொன்னால் தவறில்லை என்று நினைத்து லீலாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்றாள். தன் கல்யாணத்துக்கு முன் அவள் அமரவிளையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்திருக்கிறாள். சரோஜினியின் ஜாக்கெட்டுகள் அவள் கையால் தைத்தவை. நிறம் பார்க்கக் கடைக்கு வந்த அந்தச் சேலைகளை எல்லாம் அவளுக்குத் தெரியும். முதல் நாளே கண்டுகொண்டாளாம்.

"பின்ன நீ ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"எடுத்துத் தைக்கத்தானே போட்டாரு. நான் எல்லாத்தையும் தைச்சு முடிச்சாச்சு டீச்சர். ஒரு துண்டு பாக்கி இல்ல" என்றாள். அப்புறம், "நீங்க யாரும் எங்கிட்ட கேக்கல்லியே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஆறு வருடம் தோளோடு தோள் உட்கார்ந்து தைத்தும், எங்கள் அறைக்கு வருவதற்கு முன் அவள் எங்கே இருந்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். வகுப்பில் நான் கேட்டவை எல்லாம் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, அடுத்தவரிடம் போய்க் கேட்கும் பழக்கம் சுகுமாரன் அண்ணனுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அதை அந்த பஸ்ஸிலேயே தொடங்கினேன். அமரவிளைக் கடையில் எத்தனை வருடம் இருந்தாய், அந்த நாட்களில் சரோஜினி எப்படி இருப்பார் என்று லீலாவிடம் கேட்டேன். பாறசாலை வந்து இறங்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.