ஆறு வருஷத்துத் தம்பி

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் பாய்லர் பழுது பார்ப்பவர் தாக் பான்சு. வயது ஐம்பத்தொன்று. அங்கே வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் தரைக்கு அடியில்தான் ஓடும். குளிர்காலத்தில் தரை சில்லிட்டுப் போனால் தெருவே அவரைத்தான் கூப்பிடும். வருகிறேன் என்று சொல்லிவிட்டால் பனி கொட்டினாலும் வந்து நிற்பார். ஒரு சொல் சொன்னால் அதை விழுங்கத் தெரியாத மனிதர். அதுதான் அவர் பெருமை. அதை வைத்துத்தான் போங் கிஜூ அவர் கழுத்தை அறுத்தான்.

கிஜூ கைபேசிக் கடைக்காரன். பான்சுவைவிட ஐந்து வயது இளையவன். இரண்டு பேரும் சனிக்கிழமை மத்தியானமானால் மேங் ஓக்ஜா அக்கா நடத்தும் கணினி விளையாட்டுக் கடையில் இருப்பார்கள். அங்கே எல்லோரும் ஆடுவது 'ஆயிரம் தலைமுறை'. நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு குடிசைக் கூட்டம் கிடைக்கும். அதை ஊராக்கி, நகரமாக்கி, அரசாக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உன் ஜனங்கள் அடுத்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். மண்பாண்டமா, எழுத்தா, மந்தை வளர்ப்பா, வெண்கலமா, கப்பலா? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கற்க முடியும். முதல் இருபது சுற்றில் எதை முதலில் எடுத்தாய், எதைப் பின்னால் தள்ளினாய் என்பதிலேயே பாதித் தலையெழுத்து முடிந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கிஜூதான் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, சும்மா ஆடினா ருசிக்காது. நம்ம ரெண்டு பேர்ல யாரு ஊரு முதல்ல விழுதோ, அவன் மத்தவனைச் சாகிற வரைக்கும் அண்ணேன்னு கூப்பிடணும். சரியா?"

பான்சு சிரித்தார். "நான் ஏற்கெனவே உனக்கு அண்ணன்தானேடா. ஜெயிச்சா எனக்குப் புதுசா என்ன கிடைக்கப்போகுது?"

"நீங்க ஜெயிச்சா ஒரு வருஷம் உங்க முன்னாடி வாயைத் திறக்கமாட்டேன்."

"அடேயப்பா, அதுக்காகவே ஆடலாம்டா!" என்று கடையே கைதட்டியது. மூத்தவர் மகிழ்ச்சியாகச் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தில் இரண்டு ஊர்களும் அக்கம்பக்கமாக அமைந்தன. கிஜூ நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, நமக்குள்ள எதுக்குச் சண்டை? நீங்க மண்பாண்டம் கத்துக்குங்க, நான் எழுத்து கத்துக்கிறேன். அப்புறம் மாத்திக்குவோம். முப்பது சுற்று வரைக்கும் ஈட்டி, கத்தி எதுவும் வேணாம்." பான்சு தலையாட்டினார். மண்பாண்டம் கற்றார். தானியத்தைப் பானையில் சேர்த்தார், ஜனத்தொகை பெருகியது. சுவர் கட்டவில்லை. தம்பி பக்கம் எதற்குச் சுவர்?

இருபத்தெட்டாம் சுற்றில் கிஜூவின் ஆட்கள் வெண்கல ஈட்டியோடு வந்தார்கள். அந்தப் பயல் எழுத்தின் பக்கமே போகவில்லை. முதல் சுற்றிலிருந்தே வெண்கலம்தான் கற்றிருக்கிறான். பான்சுவின் ஜனங்களிடம் எதிர்த்து எறியப் பானைகள்தான் இருந்தன.

"என்ன தம்பி, பானை ரொம்ப நல்லா இருக்கே!" என்றான் கிஜூ. 'தம்பி' என்று கூப்பிட அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வேறு ஒருவராக இருந்தால், போடா நம்பிக்கைத் துரோகி என்று எழுந்து போயிருப்பார். பான்சு பந்தயம் பந்தயம்தான் என்றார். அன்று முதல் ஐந்து வயது சின்னவனை அண்ணே என்றும் நீங்க என்றும் கூப்பிட்டார். அவன் கிண்ணத்தை நீட்டினால் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்றினார். பெரியவர் எதிரில் சின்னவர்கள் செய்கிற மாதிரி, அவன் எதிரில் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயதும் மரியாதையும் மூச்சுக் காற்று மாதிரி இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மீன் சந்தையில் கருவாடு விற்கிறவள்கூட, "உங்க சின்ன அண்ணன் இப்பத்தான் அந்தப் பக்கம் போறாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதையும் பொறுத்தார். பொறுக்க முடியாமல் போனது மகள் போராவின் கல்யாணத்தில். கிஜூ அழைக்காமலே வந்து, சம்பந்தி உட்கார்ந்திருந்த மேசையிலேயே உட்கார்ந்துகொண்டான். "தம்பி, ஊத்து" என்று கிண்ணத்தை நீட்டினான். பெண்ணைப் பெற்றவர், புதுக் கோட்டு போட்டவர், எழுந்து நின்று இரண்டு கையால் ஊற்றினார். சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு சின்ன வயசுல உங்களுக்கு ஒரு அண்ணனா?" என்று கேட்டார். கிஜூ பானைக் கதை முழுவதையும் கை கால் ஆட்டிச் சொன்னான். சம்பந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். போரா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலைதான் பான்சுவைத் தூங்கவிடவில்லை. மறுநாளே போய், "அண்ணே, இன்னொரு தடவை ஆடலாம்" என்றார்.

கிஜூ அகலமாகச் சிரித்தான். "தம்பி அண்ணனைச் சண்டைக்குக் கூப்பிடறதா? என்ன வளர்ப்புடா இது?"

எப்படி இருக்கிறது பாருங்கள். ஏமாற்றிப் பெற்ற மூப்பு, அதையே கேடயமாகவும் பிடித்துக்கொண்டான். சின்னவன் வலியப் பெரியவனைச் சவாலுக்கு இழுப்பது மரியாதை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே வருஷங்களைத் தள்ளினான்.

பான்சு வேறு வழி பிடித்தார். சனிக்கிழமைதோறும் கிஜூவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். ஆடுவது மாதிரி இருக்கும், கண் முழுவதும் முன் திரையில். கிஜூ எந்த ஆட்டத்தில் எதை முதலில் கற்றான், எந்தச் சுற்றில் மாற்றினான் என்று எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டே வந்தார். குழாயில் எங்கே கசிவு என்று தரையில் காதை வைத்துக் கேட்கிற மனிதருக்குப் பொறுமைக்கா பஞ்சம்? கடைசியில் கசிவு அகப்பட்டது. கிஜூ தன் மூளையால் எதையும் முடிவு செய்வதே இல்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்டு, அதற்கு மாற்று எதுவோ அதைத்தான் முதலில் கற்பான். ஒரு காதில் ஹெட்போன் எப்போதும் நழுவியே இருக்கும். ஆறு வருஷமாக அது சோம்பல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

போன வசந்தத்தில் ஓக்ஜா அக்கா கடையின் பத்தாம் ஆண்டுக்குப் போட்டி வைத்தார், ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை. சீட்டுக் குலுக்கியதில் பான்சுவும் கிஜூவும் ஒரே ஆட்டத்தில் விழுந்தார்கள். நாற்பது பேர் எதிரில் பான்சு எழுந்து நின்றார்.

"அண்ணே, நான் கூப்பிடலை, சீட்டு கூப்பிட்டிருக்கு. பழைய பந்தயமே இருக்கட்டும். நான் விழுந்தா இனிமே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் உங்க வீட்டுக்கு வந்து தரையில விழுந்து கும்பிடறேன். நீங்க விழுந்தா நான் மறுபடி அண்ணன், நீங்க தம்பி. அதோட நான் சொல்ற ஒரு இடத்துக்கு வந்து, ஒரு கிண்ணம் ஊத்தணும்."

பான்சு தன் காலில் விழுந்து கும்பிடுகிற காட்சி கிஜூவின் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். "வா, பானைக்காரா!" என்றான்.

ஆட்டம் ஆரம்பித்தது. இருவர் ஊருக்கும் நடுவே ஒரு குடாக் கடல் இருந்தது. கரை வழியாகப் போனால் ஒரு மலைக் கணவாய். கிஜூ எதையும் எடுக்காமல் முதல் சுற்றை இழுத்துக்கொண்டிருந்தான். காது மட்டும் நீண்டிருந்தது. இரண்டு நாற்காலி தள்ளி இருந்த பான்சு கையைத் தூக்கினார்.

"முதல்ல பே. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார், உரக்கவும் இல்லாமல் மெல்லவும் இல்லாமல்.

அந்த ஊர்ப் பேச்சில் 'பே' என்றால் கப்பல். பேரிக்காயும் 'பே'தான். வயிற்றுக்கும் அதே சொல். சமையலறையில் கேட்டால் ஒன்று, துறைமுகத்தில் கேட்டால் ஒன்று. விளையாட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டவனுக்கு அது கப்பலாகத்தான் கேட்டது. ஓக்ஜா அக்கா மட்டும் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பேரிக்காய்ச் சாறு எடுத்து வந்து பான்சுவின் முழங்கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

கிஜூ கடற்காவல் கற்க ஆரம்பித்தான். பிறகு கலங்கரை விளக்கம், பிறகு கரைச்சுவர். கற்கவும் கட்டவும் பதினெட்டு சுற்றுகளைக் கடலில் கொட்டினான். பான்சு பக்கத்திலிருந்து கப்பல் வரவில்லை. வராததனால் இன்னும் பெரிய கப்பல் வரப்போகிறது என்று நினைத்து இன்னும் ஒரு கோபுரம் கட்டினான்.

பான்சு முதலில் மந்தை வளர்ப்பு எடுத்தார், குதிரைக்காக. அடுத்தது வெண்கலம். மண்பாண்டத்தைத் தொடவே இல்லை. தானியம் மழையில் அழுகியது. எட்டாம் சுற்றிலேயே ஜனங்கள் பட்டினியில் ஓட ஆரம்பித்தார்கள். அவர் பின்னால் நின்ற டாக்சிக்காரர் பதறிப்போனார்.

"யோவ், பானை கத்துக்கய்யா! இப்படியே போனா முப்பதாம் சுற்றுல உன் ஊரே காலி!"

"தெரியும்" என்றார் பான்சு.

"அப்ப கோப்பை?"

"அது யாருக்கு வேணும்?"

அது உண்மை. கோப்பை வேண்டுமென்றால் இப்படி யாரும் ஆடமாட்டார்கள். அவருக்கு ஓர் ஊர் மட்டும் விழ வேண்டும், முப்பதாம் சுற்றுக்குள் விழ வேண்டும். தன் ஊர் அதற்குப் பிறகு மண்ணாகப் போனாலும் சரி என்றுதான் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறாம் சுற்றில் பசியில் மெலிந்த பதினொரு குதிரைவீரர்கள் கணவாய் வழியாக இறங்கினார்கள். கிஜூவின் கோபுரங்கள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன. நிலத்துப் பக்கம் ஒரு முள்வேலிகூடக் கிடையாது. இரண்டே சுற்றில் ஊர் எரிந்தது.

கிஜூ ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். "ஏமாத்து வேலை! பேன்னு சொன்னியே! என் காதால கேட்டேன்!"

பான்சு சாறு டப்பாவைத் தூக்கிக் கடைசிச் சொட்டையும் உறிஞ்சினார். "சொன்னேன். தாகமா இருந்துச்சு. உன்னை யாருடா கேக்கச் சொன்னா?"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஓக்ஜா அக்கா முதலில் சிரித்தார். "என்ன கிஜூ, பே எரியுதா?" என்று டாக்சிக்காரர் தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். கடை அதிர்ந்தது. கிஜூ முகம் காய்ச்சிய இரும்பு மாதிரி ஆனது. அந்தச் சிரிப்பை பான்சு காது குளிரக் கேட்டார். மனசுக்குள் ஒரு துளி இரக்கம்கூட வரவில்லை, வரவழைக்கவும் அவர் முயலவில்லை.

பட்டினியில் கிடந்த அவருடைய ஊரை அடுத்த ஐந்து சுற்றில் அதே ஆட்டத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் விழுங்கினாள். கோப்பையும் அவளுக்கே போனது. பான்சு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிஜூவிடம் போனார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை என் பேரனுக்கு முதல் பிறந்தநாள். பதினொரு மணி. வந்துடு."

"அண்ணே... இங்கேயே ஊத்திடறேனே. எல்லாரும் இருக்காங்களே."

"இங்க யாரு இருக்கா? சம்பந்தி அங்கதான் இருப்பாரு."

கிஜூ வந்தான். வராமல் இருந்துவிடுவான் என்று பாதிப் பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆனால் நாற்பது பேர் எதிரில் கொடுத்த வாக்கு, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அதே தெருவில் பிழைக்க வேண்டுமே. விருந்துக் கூடத்தில் குழந்தை வண்ணப் பட்டு உடுத்தி, எதை எடுக்கிறதோ அதுவே அதன் வருங்காலம் என்று எதிரில் பரப்பிய பொருள்களில் நூல்கண்டைப் பிடித்து வாயில் வைத்தது. நீண்ட ஆயுள் என்று எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரம் அடங்கட்டும் என்று பான்சு காத்திருந்தார். அடங்கியதும் உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் கிண்ணத்தை நீட்டினார்.

கிஜூ மண்டியிட்டான். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினான். கழுத்து வேர்த்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தி கண்ணாடியைத் தூக்கினார்.

"அட, இவரை எனக்குத் தெரியுமே! இவரு உங்க அண்ணன்தானே?"

போரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். மேசை முழுவதும் கிஜூவைப் பார்த்தது.

"இல்லைங்க" என்றான் கிஜூ. "தம்பி. நான் இவருக்குத் தம்பி."

"அப்படியா? எப்பலேருந்து?"

"பொறந்ததிலேருந்துங்க. நடுவுல ஆறு வருஷம் மறந்துட்டேன்."

சம்பந்தி சிரிக்கவில்லை. கிஜூவைப் பார்த்தார், பான்சுவைப் பார்த்தார், மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தி, "சம்பந்தி, குடிங்க" என்றார்.

பான்சு தன் கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்தார். கிஜூ எழுந்திருக்கப் பார்த்தான்.

"எங்க போறே? உட்காரு" என்றார் பான்சு, காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டி. "சம்பந்திக்கு அந்தப் பானைக் கதையை மறுபடி சொல்லு. இந்தத் தடவை, யாரு யாரைக் கழுத்தறுத்தான்கிறதையும் சேர்த்துச் சொல்லு."