வெள்ளி பூசிய மயில்

பிள்ளைகளா, அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்ற பெட்டை மயிலைக் காட்டி, "அப்பா, இதுக்கு யாரு வெள்ளிப் பவுடர் பூசுனது?" என்று கேட்டீர்கள். "போய்ப் படிங்கலே" என்று விரட்டினேன். கோபத்தில் இல்லை, பயத்தில். என்ன நடந்தது என்று இப்போது எழுதுகிறேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நம் மக்காச்சோளப் புஞ்சை உங்களுக்குத் தெரியும். விதைத்தால் மயில் கிளறித் தின்னும். கதிர் வந்தால் உரித்துத் தின்னும். போன வருஷம் நமக்கு மிஞ்சியது வெறும் தட்டைதான். அதனால் இந்த வருஷம் சுற்றிலும் பழைய மீன்வலை கட்டினேன். மயில் ஒதுங்கிப் போகும் என்று நினைத்தேனே தவிர, மாட்டும் என்று நினைக்கவில்லை. இல்லை, உங்களிடம் பொய் எதற்கு? அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் கட்டினேன்.

பட்டாசுக் கம்பெனியில் எனக்கு மருந்து கலக்கிற வேலை. வெள்ளியாய் மின்னும் அலுமினியப் பவுடர் முழங்கை வரை ஏறிவிடும். தொட்டியில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வேன் ஏறுவோம். அன்று தொட்டியில் தண்ணீர் இல்லை. அப்படியே ஏறி, புஞ்சைக்கருகே இறங்கினேன்.

வடக்கு மூலையில் ஒரு பெட்டை மயில், கழுத்திலும் காலிலும் வலை இறுகித் தலைகீழாகத் தொங்கியது. அறுக்கக் கத்தி இல்லை. தீப்பொறி பறக்கும் என்று கம்பெனிக்குள் இரும்பு கொண்டுபோகக் கூடாது, போனும் கூடாது. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தொட்டால் கேஸ். விட்டால் செத்துப்போகும். செத்தாலும் என் புஞ்சை, என் வலை, என் மேல்தான் கேஸ். எம்புட்டு நேரம் அப்படியே நின்றேனோ!

கடைசியில் அதைக் கக்கத்தில் இடுக்கி, நகத்தாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தேன். கையைக் கீறிவிட்டு ஓடியது. ஓடும்போதுதான் பார்த்தேன். அதன் நெஞ்சில் என் ஐந்து விரலும் வெள்ளியாக மின்னின.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கீகளே! உங்க கையையே அது மேல ஒட்டி அனுப்பிட்டீகளே!" என்றாள். பிறகு அவளே, "விடுங்க, ஒரு மழை பேஞ்சா போயிரும்" என்றாள்.

"இங்கன என்னைக்குடி மழை பேஞ்சிருக்கு?"

மூன்று நாள் அந்த மயில் என் கையைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றியது. நான்காம் நாள் சாயங்காலம் வனத்துறைக் காவலர் பைக்கில் வந்தார். சின்ன வயசுக்காரர். கிணற்று மேட்டில் மயிலைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"என்ன வேலைண்ணே பாக்கீக?"

"மருந்துக் கலவை சார்."

"தெரியுது. நகத்துல இருக்கு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இது தேசியப் பறவைண்ணே. புலிக்கு என்ன சட்டமோ, அதேதான் இதுக்கும்."

"என் சோளத்துக்கு என்ன சட்டம் சார்?"

சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அதுக்கு நஷ்டஈட்டு மனு இருக்கு. எழுதிக் குடுங்க. எப்ப கிடைக்கும்னு எங்கிட்ட கேக்காதீக" என்றார். பைக்கை உதைத்துவிட்டு, "நாளைக்கு வருவேன். வலை இருந்தா கேஸ் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

மேற்கு மலையில் புலிக்கும் சாம்பல் அணிலுக்கும் எல்லை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் பாடத்தில் படித்தீர்களே. மயிலுக்கு அப்படி எல்லை கிடையாது. அது எங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் சட்டமும் நிற்கிறது. நம் சோளத்துக்கு நடுவிலும்தான். கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

மறுநாள் விடிகாலை, வேன் வருவதற்கு முன் தனியாகப் போய் வலையை அவிழ்த்துச் சுருட்டினேன். வடக்கு மூலை முடிச்சுகளில் என் பவுடர் இன்னும் மின்னியது. காவலர் கண்ணில் படக் கூடாதென்று அந்த ஒரு முழத்தை மட்டும் அரிவாளால் அறுத்து, வரப்போரம் குழி தோண்டிப் புதைத்து, மேலே மண்ணை மிதித்தேன். வேன் ஹாரன் கேட்டது. அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.