ஒரு வாய் பிரசாதம்

கிள்ளான் பட்டணத்தை ஒட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாவின் கால் பெருவிரலை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். சர்க்கரைப் புண், விரல் கறுத்துவிட்டது. சீக்கிரம் எடுத்தால் பாதம் பிழைக்கும் என்றார் டாக்டர். முதல் நாள் அவசர கேஸ்கள் வரிசையாக வந்ததில் ஆபரேஷன் தள்ளிப்போய், அதற்காக அப்பா பட்டினி கிடந்ததுதான் மிச்சம். எனக்கு வந்த எரிச்சலில் வார்டையே இரண்டாக்கியிருப்பேன். அம்மாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மறுநாள் காலை வார்டு நர்ஸான தமிழ் மிஸ்ஸி ஒருத்தி வந்து, "அடுத்தது அங்கிள்தான், ரெடியா இருங்க" என்றாள். நான் பாரத்தில் கையெழுத்துப் போடக் கவுண்டருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு டப்பாவை அவசரமாக மூடினாள்.

"என்னம்மா குடுத்த?"

"கோயில் பொங்கல்டி. ஒரு வாய்தான்."

"ஒன்னும் குடுக்கக்கூடாதுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே."

"சாப்பாடுதானே கூடாதுன்னாங்க. இது பிரசாதம்லா."

அதுவும் சர்க்கரைப் பொங்கல். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அப்பாவின் காப்பியில் ஒரு துளி சீனி விழாமல் காவல் காத்தவள் அவள். சாமிக்குப் படைத்தது மட்டும் அவள் கணக்கில் சாப்பாடே இல்லை.

அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. "அங்கிள், புவாசாதானே? ஒன்னும் சாப்பிடலயே?" என்று மிஸ்ஸி கேட்டாள்.

"இல்ல மிஸ்ஸி" என்றார் அப்பா, கூசாமல். இன்னொரு நாள் பட்டினி கிடக்க அவரால் ஆகாது. அம்மா என் கையைக் கிள்ளினாள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். சொன்னால் முறை போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவே போய்விடலாம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த இடத்தைவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"சாப்பிட்டாரு மிஸ்ஸி. இப்பதான்."

வண்டி வெறுமையாகத் திரும்பியது. அன்று சாயங்காலமும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த முறை வர இரண்டு நாள் ஆனது. அதற்குள் கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறிவிட்டது. புதிய பாரத்தில் முழங்காலுக்குக் கீழே என்று எழுதியிருந்தது. அதிலும் நானே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே எடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கக்கூடும் என்றார் டாக்டர். அதைக் கேட்டு எனக்கு எந்த ஆறுதலும் வரவில்லை.

இப்போது அப்பா வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒரு விரல் எப்படிக் காலாச்சு என்று கேட்காமல் போவதில்லை.

"எல்லாம் இவளாலதான். மிஸ்ஸிகிட்ட என்னமோ ஒளறி ஆபரேஷன நிப்பாட்டிட்டா" என்பார் அப்பா.

பொங்கலைப் பற்றி மூச்சே விடமாட்டார். அம்மா தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். நடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்குப் பிறகு அம்மா ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்பா பழியை என் தலையில் போடுகிறார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.