உச்சியில் ஊறிய நீர்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் எனக்கு முதல் பிள்ளை பிறந்தான். கணவர் சைகோனில், கடையில் இருந்தார். திருமலைராயன்பட்டினத்து வீட்டில் நானும் மாமியாரும்தான்.

பிள்ளைக்குத் தலை பெரிது. அதில் எங்களுக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "அறிவு அவ்வளவும் தலையில இருக்கு. பாத்துக்கிட்டே இருங்க, ஓதிப் படிச்சுப் பெரிய ஆலிமா வருவான்" என்பார் மாமி, பார்க்க வருகிறவர்களிடம். நான் தைத்த மல் துணித் தொப்பி வாரா வாரம் இறுகியது. தையலைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினேன். பால் உடம்பில் நன்றாகப் பிடிக்கிறது என்று சைகோனுக்குக் கடிதம் வேறு.

ஏழாம் நாள் முடியிறக்க வந்த நாவிதர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உச்சியைத் தொட்டுப் பார்த்தார்.

"உச்சி கொஞ்சம் குழிஞ்சிருக்கணும்மா. இது புடைச்சுக்கிட்டு நிக்குது. டாக்டர்ட்ட காட்டுங்க."

"கண்ணு வைக்காம வந்த வேலையப் பாருங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார்.

நாற்பது கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது. பிள்ளையை மட்டுமாவது யாரிடமாவது கொடுத்தனுப்பலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா, தெரியாது. மூன்றாம் வாரம் பாலைக் கக்க ஆரம்பித்தான். கண்மணிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிந்தது. அழுகை கீச்சென்று வந்தது. நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன், மடச்சி.

நாற்பத்தோராம் நாள் திரை கட்டிய வண்டியில் அரசலாற்றுப் பாலம் தாண்டிக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நாடாவால் தலையைச் சுற்றி அளந்தார். "மூளைக்குள்ள ஊறுற தண்ணி எங்கயோ அடைச்சுக்கிட்டு வடியாம நிக்குதும்மா. அது தேங்கித் தேங்கித்தான் மண்டை விரியுது" என்றார். உச்சியின் ஓரத்தில் ஊசி குத்தி நீரை எடுத்தார். அவ்வளவு தெளிந்த நீரை நான் கிணற்றில்கூடப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். அன்று மாலை பிள்ளை என்னை நேராகப் பார்த்தான். வயிறு முட்டக் குடித்தான். பிழைத்துவிட்டான் என்றே நம்பினேன்.

நான்காம் நாள் உச்சி மறுபடி புடைத்தது. மறுபடி ஊசி. மறுபடி இரண்டு நாள் என்னைப் பார்த்தான். மூன்றாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் கண்டது. அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், என் மடியிலேயே மூச்சு நின்றது.

துணியில் சுற்றி அவனை என் கையில் கொடுத்தபோது டாக்டரிடம் கேட்டேன். "ஏழாம் நாளே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பானாங்க?"

"இதே ஊசியத்தாம்மா அப்பவும் குத்தியிருப்பேன். பொறந்த அன்னிக்கே வந்திருந்தாலும் இதேதான். இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. உங்க மேல தப்பில்ல, அழாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு ஆறவில்லை. தப்பு என்னுடையது என்றால், அவன் பிழைக்க ஒரு வழி இருந்தது என்றாவது ஆகும். அந்தப் பழியைச் சாகும்வரை சுமக்கத் தயாராகத்தான் நான் கேட்டேன். அவர் அதையும் எனக்குத் தரவில்லை.