வெர்நெட்டாவின் மூன்று நிமிடங்கள்

வண்டிகளை மறிக்கும் 'நில்' பலகையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டால் பள்ளிச் சாலைக் காவலர் வெர்நெட்டா டாக்கரி அதை லேசில் இறக்க மாட்டார். பள்ளிப் பிள்ளைகள் மினசோட்டா அவென்யூ என்ற சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறியாயிற்று. நடுவில் விழுந்த கையுறையைக்கூட ஒருத்தி திரும்ப ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பலகை இன்னும் மேலேயே நிற்கிறது. முன்னால் உறுமிக்கொண்டிருக்கும் காரின் எண் தகட்டில் பக்கத்து மாநிலமான மேரிலேண்டின் பெயர் இருப்பதுதான் காரணம். வாஷிங்டன் தகடாக இருந்தால் எப்போதோ விட்டிருப்பார்.

காரோட்டி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "ஏம்மா, பிள்ளைங்கதான் போயிருச்சே? ஆபீசுக்கு நேரமாகுது."

"ஆகட்டும். எங்க ரோடு வசதியா இருக்கா தம்பி? காசு குடுக்காம ஓட்டறியே, அதான் கேட்டேன்."

கார் சீறிக்கொண்டு போனது. வெர்நெட்டாவின் இடது கையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற எண்ணும் கருவி ஒன்று உண்டு. கட்டைவிரல் அதை ஒரு தட்டுத் தட்டியது. வெளியூர் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. இந்தக் கருவியை யாரும் கொடுக்கவில்லை, சொந்தக் காசில் வாங்கியது. ஊதச் சொல்லிக் கொடுத்த விசிலை மட்டும் பதினான்கு வருடமாக ஊதியதே இல்லை. நாயைத்தான் விசிலடித்துக் கூப்பிடுவார்களாம்.

அறுபத்து மூன்று வயது. மழையோ பனியோ, உதட்டில் அதே சிவப்புச் சாயம், கன்னத்தில் ஒதுக்கிய பெப்பர்மின்ட் மிட்டாய். எந்த மாநிலத்திலும் சேராத வாஷிங்டன் தலைநகர் மாவட்டத்துக்கு மாநில அந்தஸ்து கிடைத்தே தீர வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஊரில் பாதிப்பேருக்கு அதே கட்சிதான், ஆனால் அவர் அளவுக்கு யாரும் வாயை வலிக்க வைத்துக்கொள்வதில்லை. நாட்டுக்கு முழு வரி கட்டுகிறோம், நாடாளுமன்றத்தில் நமக்காகக் கை தூக்க ஓர் உறுப்பினர் இல்லை என்பதில் ஆரம்பிப்பார். எங்கே ஆரம்பித்தாலும் மேரிலேண்டுக்காரர்களிடம் வந்துதான் முடிப்பார்.

"நம்ம ரோட்டைத் தேய்ச்சு, நம்ம ஊர்ல சம்பாதிச்சு, வரியை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டறானுங்க. அவன்கிட்ட ஒரு டாலர் வாங்கக் கூடாதுன்னு நமக்குச் சட்டம் போட்டு வெச்சிருக்கு. மாநிலம் ஆகட்டும், அன்னைக்கு இருக்கு கச்சேரி."

இந்தப் பேச்சைத் தினமும் முழுதாகக் கேட்கிறவர் ஒருவர் உண்டு. பெயர் ஹிருத், எத்தியோப்பியப் பெண்மணி, நாற்பதைத் தொட்டிருப்பார். வெர்நெட்டாவின் கணவர் ராஸ்கோ குப்பை லாரி ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு ஹிருத் வருவார். ராஸ்கோவைப் புரட்டி, துடைத்து, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, சோளக் கஞ்சி ஊட்டுவார். எட்டு மணி நேரம். சம்பளம் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவியிலிருந்து வருகிறது. ராஸ்கோவின் எடை நூறு கிலோவுக்கு மேல். வெர்நெட்டாவால் அவருடைய ஒரு காலைக்கூடத் தனியாகத் தூக்க முடியாது.

ராஸ்கோவுக்கு மிஞ்சிய பேச்சு இரண்டே வார்த்தை. "அட கடவுளே." கஞ்சி சூடாக இருந்தாலும் அதுதான், தொலைக்காட்சியில் அவருடைய அணி தோற்றாலும் அதுதான். அந்த இரண்டு வார்த்தையில் எது பசி, எது வலி என்று ஹிருத்துக்குத் தெரியும். வெர்நெட்டாவுக்குப் பாதி நாள் தெரியாது.

"இன்னைக்கு இருநூத்துப் பதினொண்ணு," என்பார் வெர்நெட்டா, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "ஒரே காலையில, ஒரே முனையில. அத்தனையும் வெளியூர்க்காரன்."

"அப்படியாங்க மிஸ் வெர்நெட்டா," என்பார் ஹிருத், ராஸ்கோவின் தாடையைத் துடைத்தபடி. ஆறு வருடமாக இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நகர மன்றத்தில் மாநில அந்தஸ்தைப் பற்றிப் பொது விசாரணை என்றால் வெர்நெட்டா பெயர் கொடுக்காமல் இருந்ததில்லை. பொதுமக்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு அவர் இரண்டு வாரம் உழைப்பார். அடுப்படிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மீன் பொரிய பொரிய வாசித்துப் பார்ப்பார். நான்கு விநாடி கூடிப்போனால் 'நன்றி'யைத் தூக்கிவிடுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தன் நேரம் போதவில்லை என்று அரை நிமிடம் கடன் கேட்டார். "என் கிட்னியை வேணா கேளு," என்றுவிட்டார்.

இந்த மார்ச்சில் நடந்த விசாரணையின் தலைப்பே அவருக்காக வைத்தது போல இருந்தது. மாநிலம் ஆனால் வரியும் நிதியும் எப்படி மாறும்? ராஸ்கோவும் வந்து கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஹிருத் அவரை வண்டியில் ஏற்றி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நிறுத்தினார். வெர்நெட்டா தேவாலயத்துக்குப் போடும் ஊதாத் தொப்பியோடு பக்கத்தில் அமர்ந்தார். மடியில் இரண்டு தாள்.

முதலில் நிதித் துறை அதிகாரி பேசினார். மெலிந்த இளைஞர், குரல் உயரவே இல்லை. "வெளியிலிருந்து வேலைக்கு வர்றவங்ககிட்ட வருமான வரி வாங்கலாம். நல்ல வரவு," என்றார். வெர்நெட்டா கை தட்டினார். மன்றத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆனா இப்ப நீதிமன்றச் செலவும் சிறைச் செலவும் மத்திய அரசு பார்த்துக்குது. அது நம்ம தலையில வரும். அடுத்தது மெடிகெய்ட். நூறு டாலர் செலவுல எழுபதை அவங்க தர்றாங்க. மாநிலம் ஆயிட்டா, வசதியான மாநிலங்களோட சேர்த்து நம்மளையும் ஐம்பதுக்கு இறக்கிடலாம். மதிப்பீடுதான், ஆனா தயாரா இருக்கணும்."

"இறக்கிட்டா எதுல கை வைப்பீங்க?" என்றார் தலைவி.

"வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கிற உதவியாளருங்க நேரத்துல. எட்டு மணி நேரம்னா நாலு. வேற வழி தெரியலைங்க."

வெர்நெட்டா விரல் விட்டு எண்ணினார். நாலு மணி நேரம் என்றால் பதினோரு மணியோடு சரி. அதற்கு மேல் மறுநாள் காலை வரை ராஸ்கோவைப் புரட்ட ஆள் கிடையாது. படுக்கைப் புண் எப்படி இருக்கும் என்று அவர் மருத்துவமனையில் ஒருமுறை பார்த்திருக்கிறார். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோமே, இதை ஒருத்தன் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. நாமாவது கேட்டோமா என்று அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"அந்தப் புது வரியைக் கட்டப் போறவங்க யாரு?" தலைவி விடுவதாக இல்லை.

"எல்லாரும்தான். வக்கீல் கட்டுவார். இந்த உதவியாளருங்களும் கட்டணும். நிறையப் பேர் மேரிலேண்ட்ல இருந்துதான் வர்றாங்க. அவங்க மாநிலம் அதைக் கழிச்சுக் குடுத்தா பரவாயில்ல. முழுசா குடுக்குமான்னு சொல்ல முடியாது."

"அட கடவுளே," என்றார் ராஸ்கோ, மன்றம் முழுக்கக் கேட்கும்படி.

வெர்நெட்டா மெல்லத் திரும்பினார். ஹிருத் குனிந்து நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது.

"ஹிருத். நீ ஜார்ஜியா அவென்யூலதானே இருக்கே?"

"ஆமாங்க."

"ஜார்ஜியா அவென்யூல எங்க?"

ஹிருத் நிமிரவில்லை. "கொஞ்சம் மேல."

"எவ்வளவு மேல?"

"சில்வர் ஸ்பிரிங்."

ஜார்ஜியா அவென்யூ வாஷிங்டனில் கிளம்பி, எல்லையைத் தாண்டி, பெயரை மாற்றிக்கொள்ளாமல் மேரிலேண்டின் சில்வர் ஸ்பிரிங்குக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற வெர்நெட்டாவுக்கு அது தெரியாதா? எத்தியோப்பியக் கடைகள் இருக்கும் பக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஆறு வருடத்தில் ஒரு தரம்கூட மேலே கேட்கவில்லை. ஹிருத் வருவது பேருந்திலும் ரயிலிலும். எண் தகடு கிடையாது.

"ஆறு வருஷமா அத்தனையும் கேட்டுக்கிட்டு நின்னியே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கார்க்காரங்களைத்தானே திட்டினீங்க," என்றார் ஹிருத். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "வேலை போயிடுமோன்னு பயமாவும் இருந்துச்சு."

வெர்நெட்டா, சில்வர் ஸ்பிரிங்கிலிருந்து ஏழு மணிக்கு வந்து சேரும் தூரத்தை எண்ணிப் பார்த்தார். காலையில் ஐந்தே கால் மணிக்கு, இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறவள். வந்தவள் முகத்தில் தினமும் எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறோம் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

"திருமதி வெர்நெட்டா டாக்கரி, ஏழாவது வட்டம்," என்று கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்தார். தாள்களை ராஸ்கோவின் மடியில் வைத்துவிட்டு நடந்து, சாட்சி மேசையில் உட்கார்ந்தார். சுவரில் சிவப்பு எண்கள் மூன்றிலிருந்து இறங்கத் தொடங்கின.

"மாநிலம் வேணும்," என்றார். "இன்னைக்கும் சொல்றேன், நாளைக்கும் சொல்வேன். என் புருஷன் நாப்பது வருஷம் இந்த ஊர்க் குப்பையை அள்ளினவரு. அவரும் கை தூக்க ஒரு ஆள் இல்லாமலே செத்துப் போகணுமா? அதுல மாத்தமில்ல." நிறுத்தினார். எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "ஆனா நான் இங்க வந்து ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு சொன்னேன். அதுல ஒருத்தியை விட்டுட்டேன்."

எழுந்து திரும்ப நடந்தார். மன்றத்தில் சலசலப்பு. கடைசி வரிசைக்குப் போய் ஹிருத்தின் மணிக்கட்டைப் பிடித்து, வா என்றார். ஹிருத் ராஸ்கோவைப் பார்த்தார். அவர் நல்ல கையால் போ என்று காட்டினார்.

"அம்மா, அவங்க இந்த ஊர்லயா குடியிருக்காங்க?" என்றார் தலைவி.

"இல்ல. மேரிலேண்ட்." யாரோ சிரித்தார்கள். மேரிலேண்ட் என்றாலே அவர் திட்டுவதை இதே மன்றத்தில் கேட்டுப் பழகியவர்கள். "பேர் குடுக்கலதான். மிச்சமிருக்கிறது என்னோட நேரம். அதை இவளுக்குக் குடுக்கறேன்."

தலைவி கடிகாரத்தைப் பார்த்தார், தடுக்கவில்லை. ஹிருத் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "என்னங்க சொல்றது?" என்று காதோடு கேட்டார்.

"உன் விலாசத்துல ஆரம்பி."

ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருந்தது. வெர்நெட்டா ஊதாத் தொப்பி சரியக் குனிந்து, தன் உயரத்துக்கு நிமிர்ந்திருந்த ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்து, ஹிருத்தின் வாய்க்கு நேராக வளைத்து வைத்தார்.